1974 டேவிஸ் கோப்பை இறுதி: ஆடாமல் விட்டது சரியா, தவறா?

மண்தரை ரசிகன்:

என் பேரனுக்குப் பதினோரு வயது. டென்னிஸ் வகுப்புக்குப் போகிறான். நேற்று டேவிஸ் கோப்பையை வென்ற நாடுகளின் பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன், 1974இல் விரலை வைத்து நின்றுவிட்டான். வென்றது தென்னாப்பிரிக்கா, இரண்டாமிடம் இந்தியா, ஸ்கோர் மட்டும் காணவில்லை. "மழை பெய்துவிட்டதா தாத்தா?" என்று கேட்டான்.

மழை பெய்யவில்லை. நிறவெறியைச் சட்டமாக வைத்திருந்த நாட்டோடு ஆடக்கூடாது என்று நம் அரசு முடிவு செய்தது. அணி போகவில்லை. கோப்பை அவர்கள் கைக்குப் போய்விட்டது. பேரனுக்கு இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லிவிட்டேன். ஆனால் அரை நூற்றாண்டாக என் நெஞ்சில் கிடக்கும் ஆற்றாமை மறுபடி கிளம்பிவிட்டது.

1900இல் தொடங்கிய கோப்பை அது. 74 ஆண்டுகளில் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ஆஸ்திரேலியா (தொடக்க காலத்தில் நியூசிலாந்தும் அதோடு சேர்ந்து ஆடியது) என்ற நான்கு பெயர்களைத் தவிர வேறு பெயர் அதில் ஏறியதில்லை. ஐந்தாவது பெயர் நம்முடையதாக இருந்திருக்கலாம். சென்னைப் பையன் விஜய் அமிர்தராஜுக்கு அப்போது வயது 20. முந்தைய ஆண்டே விம்பிள்டனிலும் அமெரிக்க ஓபனிலும் காலிறுதி வரை போனவர். 1974 அமெரிக்க ஓபனில் ஸ்வீடனின் பெரிய ஆட்டக்காரர் பியோன் போர்க்கை வீழ்த்தினார். இரட்டையரில் துணைக்கு அண்ணன் ஆனந்த். அப்படி ஓர் அணி மறுபடி நமக்கு வாய்க்கவில்லை.

போயிருக்க வேண்டும். ஆடியிருக்க வேண்டும். அவர்கள் மண்ணிலேயே அவர்களை வென்று கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும். 1936இல் ஹிட்லர் ஆண்ட பெர்லினில் நடந்த ஒலிம்பிக்கில் அமெரிக்கக் கறுப்பின வீரர் ஜெஸ்ஸி ஓவன்ஸ் நான்கு தங்கம் வாங்கியதை உலகம் இன்றும் சொல்கிறது. ஓவன்ஸ் வீட்டிலேயே இருந்திருந்தால் யார் சொல்லியிருப்பார்கள்?

நெல்லை வாசகன்:

ஐயா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் ஓவன்ஸ் உதாரணம் உங்களுக்கே எதிராகத் திரும்புகிறது. அவர் நான்கு தங்கம் வாங்கிய பிறகு ஹிட்லரின் அரசு ஓர் அடியாவது பின்வாங்கியதா? உலகமே வந்து விருந்துண்டு போன மரியாதைதான் அந்த அரசுக்கு மிஞ்சியது. மூன்றே ஆண்டுகளில் போர் வந்துவிட்டது.

இன்னொன்று. தென்னாப்பிரிக்காவுடன் வணிகத்தை முதலில் நிறுத்திய நாடு நாம்தான். 1946இல், சுதந்திரம் கிடைப்பதற்கும் முன்பே, அங்குள்ள இந்தியர்களை நடத்தும் முறையை ஐக்கிய நாடுகள் சபைக்கு எடுத்துப்போனதும் நாம்தான். 28 ஆண்டுகள் கடையை அடைத்து வைத்திருந்துவிட்டு, கோப்பை கண்ணுக்குத் தெரிந்தவுடன் கதவைத் திறப்பது நியாயமா? அதற்குப் பிறகு நம் பேச்சுக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும்?

வென்றிருப்போம் என்று எழுதியிருக்கிறீர்கள். எதிரே பாப் ஹியூவிட், ஃப்ரூ மக்மில்லன். அந்தக் காலத்தின் தலைசிறந்த இரட்டையர் ஜோடிகளில் ஒன்று. 1967இலும் 1972இலும் விம்பிள்டனை வென்றவர்கள். கோப்பை நம் பையில் இருந்தது போல எழுதுவது சரியில்லை.

கணக்கு வாத்தியார்:

சரியா தவறா என்பதற்கு நான் பிறகு வருகிறேன். இழந்தது என்ன என்பதே பலருக்குத் தெரியவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1974 மே மாதம், கல்கத்தா. எதிரணி ஆஸ்திரேலியா, முந்தைய ஆண்டு கோப்பையை வென்ற நாடு. அவர்களுடைய பெரிய ஆட்டக்காரர்களான லேவரும் நியூகோம்பும் வரவில்லை என்பது உண்மைதான். ஆனால் வந்தவர்களும் லேசானவர்கள் அல்லர். டை-பிரேக்கர் கிடையாது, இரண்டு கேம் வித்தியாசம் வரும் வரை செட் ஓடிக்கொண்டே இருக்கும். கல்கத்தாவின் மே மாத வெயிலை நினைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஜஸ்ஜித் சிங், அவர்களுடைய பாப் கில்டினனை 11-9, 9-11, 12-10, 8-6 என்று வென்றார். ஜான் அலெக்சாண்டர், விஜயை 14-12, 17-15, 6-8, 6-2 என்று வென்றார். இரட்டையரில் அமிர்தராஜ் சகோதரர்கள் அலெக்சாண்டர், டிப்லி ஜோடியை 17-15, 6-8, 6-3, 16-18, 6-4 என்று சாய்த்தார்கள். அந்த ஓர் ஆட்டத்தில் மட்டும் 99 கேம். அடுத்து அலெக்சாண்டர் ஜஸ்ஜித்தை 8-6, 6-4, 6-3 என்று வென்றார். விஜய் கில்டினனை 6-1, 5-7, 6-4, 6-4 என்று வென்று 3-2 ஆக்கினார்.

கூட்டிப் பாருங்கள்: 76, 80, 99, 33, 39. மொத்தம் 327 கேம். டேவிஸ் கோப்பையில் ஒரு மோதலுக்கு இதுதான் சாதனை. இப்போது டை-பிரேக்கர் வந்துவிட்டதால் இனி யாரும் இதைத் தொடப்போவதில்லை. அதன் பிறகு செப்டம்பரில் புனேயில் சோவியத் யூனியனை 3-1 என்று வென்று இறுதிக்குள் நுழைந்தோம்.

அலெக்சாண்டரிடம் 80 கேம் ஆடித் தோற்று, அடுத்து 99 கேம் இரட்டையர் ஆடி, கடைசி நாளில் மறுபடி களத்தில் இறங்கிய இருபது வயதுப் பையனிடம் "இறுதிப் போட்டி இல்லை" என்று சொல்வது எவ்வளவு கொடுமை என்பதைத் தெரிந்துகொண்டு வாதம் செய்யுங்கள்.

மண்தரை ரசிகன்:

வாத்தியார் ஐயா, ஸ்கோர்களைப் படிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. அந்த 17-15ஐ நான் வானொலியில் கேட்டேன். அடுத்த வீட்டுக்காரரும் நானும் திண்ணையை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

மயிலாப்பூர்வாசி:

அனைவருக்கும் வணக்கம். நான் மண்தரை ரசிகர் ஐயாவின் பக்கம். உணர்ச்சியை ஒதுக்கிவிட்டுக் காரணம் சொல்கிறேன்.

1976 டேவிஸ் கோப்பை இறுதியில் இத்தாலியும் சிலியும். இடம் சிலி நாட்டின் சாண்டியாகோ நகரம். 1973 ராணுவப் புரட்சிக்குப் பிறகு ஆயிரக்கணக்கானோரை அடைத்து வைத்து வதைத்த தேசிய மைதான வளாகத்தில்தான் ஆட்டம். சோவியத் யூனியன் அரையிறுதியில் சிலியோடு ஆட மறுத்து விலகியது. இத்தாலியில் போகலாமா கூடாதா என்று நாடே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. கடைசியில் அணி போயிற்று. இரட்டையர் ஆட்டத்தில் பனட்டாவும் பெர்டொலூச்சியும் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு இறங்கினார்கள். சிவப்பு இடதுசாரிகளின் நிறம்; அவர்களை வதைத்த அந்த மைதானத்தில் அதற்கு என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். 4-1 என்று வென்று கோப்பையையும் கொண்டு போனார்கள். இன்று இத்தாலி வெட்கப்படுகிறதா? அந்தச் சட்டையைப் பெருமையோடு நினைவுகூர்கிறது.

நம் நிலைப்பாடும் எப்போதும் ஒரே மாதிரி இருந்ததில்லை. நியூசிலாந்து ரக்பி அணி தென்னாப்பிரிக்கா போனதைக் கண்டித்து ஆப்பிரிக்க நாடுகள் 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தபோது நாம் அங்கே போய் ஹாக்கி ஆடிக்கொண்டிருந்தோம். 1987இல் இஸ்ரேலோடு நமக்கு முழுத் தூதரக உறவே கிடையாது. அது 1992இல்தான் வந்தது. ஆனாலும் அவர்களை டில்லிக்கு வரவழைத்து ஆடினோம், வென்றோம், அந்த ஆண்டு இறுதி வரைக்கும் போனோம். அப்போது ஆடலாம் என்றால் 1974இல் மட்டும் ஏன் கூடாது?

நெல்லை வாசகன்:

அம்மா, இத்தாலி உதாரணம் வலுவானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. சிலியில் கொடுமை செய்தது ராணுவ ஆட்சி. ஆனால் அந்த நாட்டு டென்னிஸ் அணியில் யார் இடம்பெறலாம் என்பதைத் தோலின் நிறம் தீர்மானிக்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் விளையாட்டே குற்றத்தின் பகுதியாக இருந்தது. எந்த மைதானத்தில் யார் ஆடலாம், எந்தச் சங்கத்தில் யார் சேரலாம், எந்த வரிசையில் யார் உட்காரலாம் என்பதெல்லாம் நிறத்தைப் பொறுத்தது. அந்த அணியோடு வலைக்கு மேல் கை குலுக்கினால், அந்த அணி தேர்வான முறையையும் ஏற்றுக்கொண்டதாக ஆகும்.

மான்ட்ரியல் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. அங்கே நாம் ஆப்பிரிக்காவோடு நின்றிருக்க வேண்டும். ஒரு முறை தவறினோம் என்பதற்காக இரண்டு ஆண்டுகளுக்கு முன் சரியாகச் செய்தது தவறாகிவிடாது.

நுங்கம்பாக்கத்தார்:

இடையில் ஒரு சந்தேகம். பொது நாட்டில் வைத்து ஆடியிருக்கக் கூடாதா? 2019இல் பாகிஸ்தானுடனான நம் மோதலை இஸ்லாமாபாத்திலிருந்து கஜகஸ்தானின் நூர்-சுல்தானுக்கு மாற்றினார்கள். 4-0 என்று வென்றோம். பிறகு 2024இல் இஸ்லாமாபாத்துக்கே போனோம். நம் ராம்குமாரும் ஸ்ரீராம் பாலாஜியும் ஒற்றையர் ஆடி வென்றார்கள். வழி இருந்தால் மனமும் வரும்.

நெல்லை வாசகன்:

2019இல் கேள்வி பாதுகாப்பைப் பற்றியது. அதற்கு இடமாற்றம் பதில் ஆகும். 1974இல் கேள்வி யாரோடு ஆடுகிறோம் என்பது. எந்த ஊரில் ஆடினாலும் எதிரே நிற்பது அதே அணிதான்.

டர்பனில் இருந்தவன்:

இந்தத் தளத்தில் நான் அதிகம் எழுதியதில்லை. இந்தப் பேச்சைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

டர்பன் நகரில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தேன். நான் குடியிருந்த வீட்டின் உரிமையாளர் ஒரு வயதான தமிழ்ப் பாட்டி. தமிழ் என்று சொன்னாலும் அவருக்கு வந்தது "வா, சாப்பிடு, சாமி, அம்மா" போன்ற சில சொற்கள்தான். தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதில் மட்டும் நம் ஊரில் எவரும் அவருக்கு ஈடாக மாட்டார்கள். 1860இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் கரும்புத் தோட்டக் கூலிகளை ஏற்றிக்கொண்டு நவம்பரில் டர்பன் போய்ச் சேர்ந்தது. அதைத் தொடர்ந்து வந்த கப்பல்களில் ஒன்றில் வந்தவர்கள் அவருடைய முன்னோர்.

அவர் பிறந்து வளர்ந்தது கேட்டோ மேனர் என்ற பகுதியில். 1950இல் வந்த குழுப் பகுதிச் சட்டத்தின்படி எந்த இனத்தார் எங்கே வாழலாம் என்று அரசு கோடு கிழித்தது. அவர் குடும்பம் வீட்டையும் தோட்டத்தையும் விட்டுவிட்டு, நகரத்துக்கு வெளியே ஒதுக்கப்பட்ட இடத்துக்குப் போக நேர்ந்தது. கிளம்பும்போது அவருடைய அப்பா முற்றத்து மாமரத்தைக் கையால் தடவிக்கொண்டே நின்றார் என்று சொல்வார். டர்பன் கடற்கரையில் எந்தப் பகுதியில் கால் நனைக்கலாம் என்பதற்கும் பலகை. பூங்கா பெஞ்சுக்கும் பலகை.

ஒரு நாள் தொலைக்காட்சியில் விம்பிள்டன் ஓடிக்கொண்டிருந்தது. பேச்சு வாக்கில் 1974ஐப் பற்றி நான்தான் எடுத்தேன். மண்தரை ரசிகர் ஐயாவைப் போலத்தான் நானும் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்; நல்ல வாய்ப்பு வீணாகிவிட்டதே என்று சொன்னேன். அவர் என்னை வியப்போடு பார்த்தார். அந்தச் செய்தி வந்த நாளில் அவருடைய அப்பா செய்தித்தாளை வெட்டிப் பூஜை அலமாரியில் வைத்தாராம். "எங்களுக்காக யாரோ ஒன்றை விட்டார்கள்" என்பதுதான் அவர்கள் வீட்டுப் பேச்சு. வேலைக்குப் போன இடத்தில் தலையைக் குனிந்து நின்ற மனிதர், அன்று நிமிர்ந்து நடந்தார் என்று சொன்னார்.

நம் அணி போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். விஜய்க்கும் ஆனந்துக்கும் விதிவிலக்கு அளித்து, உயர்ந்த ஓட்டலில் தங்க வைத்து, மாலை போட்டிருப்பார்கள். அதே முகம், அதே நிறம், அதே சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்களின் பிள்ளைகள் அந்த ஓட்டல் வாசலில் சாமான் தூக்கிக்கொண்டிருந்திருப்பார்கள். நாம் வென்றிருந்தால்கூட, "பாருங்கள், இந்தியர்களை எவ்வளவு மரியாதையாக நடத்துகிறோம்" என்று உலகத்துக்குக் காட்ட அந்த அரசுக்கு ஒரு புகைப்படம் கிடைத்திருக்கும்.

மயிலாப்பூர்வாசி:

உங்கள் பதிவைப் படித்துவிட்டுச் சற்று நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. அந்த அம்மாவின் அப்பாவுக்கு என் வணக்கம்.

இருந்தாலும் கேட்கிறேன். அமெரிக்க டென்னிஸ் வீரர் ஆர்தர் ஆஷ் கறுப்பினத்தவர். அவருக்கே தென்னாப்பிரிக்கா விசா மறுத்தது. அதனால்தான் 1970இல் அந்த நாட்டை டேவிஸ் கோப்பையிலிருந்து நீக்கினார்கள்; பிறகு மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். அதே ஆஷ் 1973இல் விசா கிடைத்ததும், பார்வையாளர் இருக்கைகளில் இனப் பிரிவினை கூடாது என்று நிபந்தனை வைத்து ஜோகன்னஸ்பர்க் போனார். அங்கு நடந்த போட்டியில் ஒற்றையர் இறுதியில் அமெரிக்காவின் ஜிம்மி கானர்ஸிடம் தோற்றார், இரட்டையரில் பட்டம் வென்றார். கறுப்பினச் சிறுவர்கள் தங்களைப் போன்ற ஒருவர் சுதந்திரமாக நடமாடுவதை முதல் முறையாகப் பார்த்தார்கள். அதில் பயன் இல்லையா?

நெல்லை வாசகன்:

பயன் இருந்தது. ஆனால் ஆஷ் அங்கேயே நின்றுவிடவில்லை. அந்த அனுபவத்துக்குப் பிறகு வந்த ஆண்டுகளில் அவர் மனம் மாறியது. 1983இல் அமெரிக்கப் பாடகர் ஹாரி பெலஃபோன்டேயுடன் சேர்ந்து, நிறவெறிக்கு எதிரான கலைஞர்கள், விளையாட்டு வீரர்கள் அமைப்பைத் தொடங்கினார். தென்னாப்பிரிக்காவுக்கு யாரும் போகக்கூடாது என்பதுதான் அதன் நோக்கமே. 1985இல் வாஷிங்டனில் தென்னாப்பிரிக்கத் தூதரகத்துக்கு வெளியே போராடிக் கைதானார். போய்ப் பார்த்தவர், ஆடிப் பார்த்தவர், கடைசியில் போகாமல் இருப்பதே வழி என்று வந்து சேர்ந்தார். 1974இல் நாம் நின்ற இடமும் அதுதான்.

மயிலாப்பூர்வாசி:

ஆஷ் தாமாகப் போனார், தாமாக மனம் மாறினார். இரண்டும் அவருடைய முடிவு. 1974இல் முடிவெடுத்தவர்கள் ஆட்டக்காரர்கள் அல்லர். மற்றவர் கழுத்துச் சங்கிலியைக் கழற்றித் தானம் செய்வதற்கும் நம் சங்கிலியைக் கழற்றிக் கொடுப்பதற்கும் வேறுபாடு உண்டு. முடிவு சரி என்று நீங்கள் என்னை ஒப்புக்கொள்ள வைத்தாலும், இதை நான் விடமாட்டேன்.

மண்தரை ரசிகன்:

இரண்டு நாளாக இந்தப் பதிவுகளைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

டர்பனில் இருந்த தம்பி, ஓட்டல் வாசலில் சாமான் தூக்கும் காட்சியை எழுதினீர்களே, அதற்கு என்னிடம் பதில் இல்லை. போய் வென்று வந்திருக்க வேண்டும் என்று எழுதியபோது கோப்பை மட்டும்தான் என் கண்ணில் இருந்தது. பூஜை அலமாரியில் செய்தித்தாளை வைத்தவர் ஒருவர் இருந்தார் என்பது தெரியாமல் இத்தனை ஆண்டுகள் கோபப்பட்டிருக்கிறேன். ஆடாமல் விட்டது சரி. இதை எழுத எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

ஆனால் மயிலாப்பூர் அம்மா சொன்னது என் மனத்தில் அப்படியே நிற்கிறது. அரசுக்கு அது ஓர் அறிக்கை. அந்தப் பையன்களுக்கு அது வாழ்நாள். விஜய் ஒற்றையரில் எந்தக் கிராண்ட் ஸ்லாம் போட்டியிலும் காலிறுதியைத் தாண்டவில்லை. அவர் கைக்கு எட்டிய மிகப் பெரிய பரிசு அந்தக் கோப்பைதான். 1987இல் மறுபடி இறுதிக்குப் போனபோது அவருக்கு வயது 34. கோதன்பர்க்கில் ஸ்வீடன் உள்ளரங்கில் களிமண் தரையைப் போட்டு வைத்திருந்தது. எதிரே விலாண்டர். 5-0 என்று முடிந்தது. பேட்டிகளில் 1974 முடிவு சரியானது என்றே விஜய் சொல்லியிருக்கிறார். ஒரு முறைகூடக் கசப்போடு பேசி நான் கேட்டதில்லை. அதனாலேயே எனக்கு இன்னும் வலிக்கிறது.

இன்று பேரனிடம் எப்படிச் சொல்வது? "இரண்டாமிடம்" என்று அந்தப் பட்டியலில் இருப்பதைத் தோல்வி என்று அவன் நினைத்துக்கொள்ளக் கூடாது.

டர்பனில் இருந்தவன்:

ஐயா, உங்கள் பதிவை அந்தப் பாட்டியின் மகளுக்குத் தொலைபேசியில் ஆங்கிலத்தில் சொன்னேன். பாட்டி இப்போது இல்லை. அந்தச் செய்தித்தாள் துண்டு இன்னும் வீட்டில் இருக்கிறதாம், தேடிப் பார்ப்பதாகச் சொன்னார். கிடைத்தால் இங்கே படம் போடுகிறேன். உங்கள் பேரனுக்குக் காட்டலாம்.

கணக்கு வாத்தியார்:

சரியா தவறா என்பதற்குப் பிறகு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். சரிதான். மண்தரை ரசிகர் சொன்ன வலியோடு சேர்த்துச் சரி.

பேரனுக்குச் சொல்ல இன்னும் இரண்டு செய்திகள் இருக்கின்றன. நிறவெறிக் காலத் தடை விலகியதும் தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் அணி ஆடிய முதல் சர்வதேசப் போட்டி 1991 நவம்பரில் கல்கத்தாவில்தான். 327 கேம் ஆடிய அதே ஊர்.

இன்னொன்று டென்னிஸ். 2009 செப்டம்பரில் டேவிஸ் கோப்பை உலகப் பிரிவுக்குள் நுழைவதற்கான மோதல். இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும். இடம் ஜோகன்னஸ்பர்க். இந்த முறை நம் அணி போயிற்று. யாரும் தடுக்கவில்லை, தடுக்கவேண்டிய காரணமும் இல்லை. சென்னையில் டென்னிஸ் பயின்ற சோம்தேவ் தேவ்வர்மன், ரிக் டி வூஸ்ட்டிடம் முதல் இரண்டு செட்டையும் இழந்துவிட்டு, எழுந்து வந்து வென்று மோதலை முடித்து வைத்தார். மொத்தத்தில் 4-1.

மண்தரை ரசிகன்:

வாத்தியார் ஐயா, அந்த ஐந்து செட்டின் ஸ்கோரையும் கொடுங்கள். பேரன் முதலில் அதைத்தான் கேட்பான்.

கணக்கு வாத்தியார்:

3-6, 6-7, 7-6, 6-2, 6-4.